அழகுக்கு அழகு

அன்புள்ள மகளுக்கு,

நூலகத்தைப் புதுப்பித்தது பற்றி நீ எழுதிய ஆங்கிலக் கட்டுரையை நிதானமாகப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. உறுப்பினராகச் சேர ஏகப்பட்ட படிவங்கள் கேட்கிறார்கள் என்பதற்கு 'கில்டிங் த லில்லி', அதாவது லில்லிப் பூவுக்குத் தங்க முலாம் பூசுவது, என்று போட்டிருக்கிறாய். அது அங்கே ஒட்டவில்லை, கண்ணு.

அளவுக்கு மிஞ்சிய எல்லாவற்றுக்கும் அந்தத் தொடர் ஆகாது. குறையே இல்லாத அழகின்மேல் இன்னும் அலங்காரத்தை ஏற்றும்போதுதான் அதைச் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'கிங் ஜான்' நாடகத்தில், ஏற்கெனவே முடிசூடிய அரசன் மறுபடியும் முடிசூட்டிக்கொள்கிறான். இது எதற்கு என்று சால்ஸ்பரி பிரபு கேட்கிறார். சொக்கத் தங்கத்துக்கு முலாம் பூசுவது, லில்லிக்கு வண்ணம் தீட்டுவது, வயலட் பூவுக்கு வாசனை தெளிப்பது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கவனித்தாயா, அங்கே முலாம் தங்கத்துக்குத்தான். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. பின்னால் புழக்கத்தில் இரண்டும் கலந்து, முலாம் லில்லியின் மேல் ஏறிவிட்டது. அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன, தயங்காமல் எழுது. ஷேக்ஸ்பியரின் வரி என்று மேற்கோள் காட்டினால் மட்டும் 'பெயின்ட் த லில்லி' என்றே இருக்க வேண்டும்.

குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில் 'யாரே அழகுக்கு அழகு செய்வார்' என்று கேட்கிறாரே, அதே எண்ணம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு உன் வாக்கியத்தைப் பார். படிவங்களில் கூடியிருப்பது தொல்லைதானே? அங்கே தேவைக்கு மிஞ்சியது என்று பொருள்படும் 'ஓவர்கில்' போதும்.

ஆனால் அந்த மரக் கூரையைப் பற்றி எழுதியிருக்கிறாயே! இழைத்து இழைத்துச் செதுக்கிய கொடிகளும் இலைகளும் தாமாகவே கண்ணை நிறைக்கும்போது, அவற்றை மறைத்துக்கொண்டு சரம் சரமாக வண்ண விளக்குகள். இந்தத் தொடருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அங்கே கொண்டுபோய் வை.

அப்புறம், கூடவே 'அன்னெசஸரிலி' என்று சேர்த்திருக்கிறாய், அதை எடுத்துவிடு. தேவையில்லாதது என்ற பொருள் தொடருக்குள்ளேயே இருக்கிறது. 'கில்டிங்' என்பதன் எழுத்துக்கூட்டலிலும் கவனம். 'ஜி'க்குப் பக்கத்தில் 'யு' வந்தால் அது கைவினைஞர், வணிகர் சங்கத்தைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும்.

திருத்தியதும், பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா