‘ஃபுளோரைடு அற்றது’ என்று அச்சிட்டு விற்ற பல் துலக்கும் மாத்திரை: ஏழாவது புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: குடும்பத் தொகுப்பும் அதன் மறுநிரப்புப் பைகளும் – பொய்யான விவரம், தரக்குறைவு, தங்கள் ஊழியரின் அவமரியாதையான பேச்சு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் எழுதும் ஏழாவது கடிதம். முந்தைய ஆறும் மின்னஞ்சலில் அனுப்பியவை. ஆறுக்கும் ‘உங்கள் கருத்தை மதிக்கிறோம்’ என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. தொலைபேசியில் பதினொரு முறை பேசிவிட்டேன். சேலத்துக்கு ஒரு முறை வீணாக அலைந்துவிட்டேன். இனி அலைய உடம்பில் தெம்பு இல்லை. அதனால் எல்லாவற்றையும் இந்த ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

தை மாதம் 1,499 ரூபாய் கட்டி உங்கள் குடும்பத் தொகுப்பை வாங்கினேன். பற்பசைக்குப் பதிலாக மென்று துலக்கும் மாத்திரைக் குப்பிகள், மூங்கில் பிரஷ், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் பட்டு நூல் என்று பெட்டியில் இருந்தவை உங்களுக்குத் தெரியும். ஏன் வாங்கினேன் என்று மட்டும் சொல்கிறேன். தீர்ந்துபோன பற்பசை டியூபைப் பழைய இரும்பு வியாபாரிகூட எடுத்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கும் உலோகத் தாளும் ஒட்டிக்கிடப்பதால் அதை எதற்கும் பயன்படுத்த முடியாதாம். எங்கள் தெருக்கோடியில் குப்பையோடு சேர்த்து எரிக்கிறார்கள். அந்தப் புகை என் மகள் படிக்கும் அங்கன்வாடி வரை போகிறது. நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வாயெல்லாம் புண்ணாகிவிடும். குப்பையும் குறையும், வாயும் ஆறும் என்று நம்பித்தான் பணம் கட்டினேன். முதல் குப்பி மாத்திரைகள் நன்றாகவே இருந்தன. அதை மறைக்க மாட்டேன்.

பங்குனியில் வாங்கிய மறுநிரப்புப் பைகளில்தான் வினை வந்தது. ஒவ்வொன்றும் 540 ரூபாய். பையின் முன்பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் ‘ஃபுளோரைடு அற்றது, குழந்தைகளுக்கு உகந்தது’ என்று கட்டை விரல் அகலத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கத்தில், மடித்து ஒட்டிய ஓரத்துக்கு அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஆறாவது பொருளாக சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்று இருக்கிறது. அதுவும் ஃபுளோரைடு தரும் உப்புதான். எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்ற விவரம்கூட இல்லை. ஆனி மாதம் இரண்டாவது பையைப் பிரிக்கும்போதுதான் இது என் கண்ணில் பட்டது. அதற்குள் ஐந்து வயதுக் குழந்தை மூன்று மாதமாகக் காலையும் இரவும் அந்த மாத்திரையை மென்றிருக்கிறாள். இந்த வயதில் பிள்ளைகள் பாதியைத் துப்புவார்கள், பாதியை விழுங்குவார்கள்.

ஃபுளோரைடு எல்லோருக்கும் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. பல் சொத்தையைத் தடுக்க அது உதவும் என்று எங்கள் பல் மருத்துவரே சொல்கிறார். ஆனால் எங்கள் ஊர்க் கதை வேறு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்புடையது, மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்தபோது 3-க்கு மேல் காட்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு, அதாவது ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோயைக் குறைப்பது, என்று இருப்பது எதற்காக? 2013-இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைக்கும்போது எனக்குப் பல்லெல்லாம் முளைத்து முடிந்திருந்தது. முன்பற்களில் பழுப்புப் பட்டையும் சுண்ணாம்புப் புள்ளியுமாகத்தான் நான் இன்றும் இருக்கிறேன். கல்யாணப் புகைப்படத்தில்கூட வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். இந்தக் கறை தேய்த்தால் போகாது. நிலைப்பல் ஈறுக்குள் உருவாகும்போதே அதில் பதிந்துவிடுகிறது. ஐந்து வயது என்பது அந்தப் பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் இன்றும் கிணற்று நீரில்தான் சமையல். அதற்கு மேல் பல் துலக்கும்போதும் ஃபுளோரைடு உள்ளே போக வேண்டாம் என்றுதான் பல் மருத்துவரைக் கேட்டு, தேடித் தேடி உங்களிடம் வாங்கினேன்.

இதைத்தான் உங்கள் சேவை மையத்தில் மாலை ஐந்து மணிக்குப் பேசிய அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை ஒரு வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன். “மேடம், அது ஃபுளோரைடு இல்லை, பாஸ்பேட். படித்துவிட்டுப் பேசுங்கள்.” நான் பிளஸ் டூ வரை அறிவியல் படித்தவள். அந்தப் பெயருக்கு நடுவிலேயே ஃபுளோரோ என்று இருக்கிறதே தம்பி என்றேன். அதற்கு அவர், “உங்கள் ஊரில் எல்லோருக்கும் பல் அப்படித்தானே இருக்கும், அதற்கு நாங்களா பொறுப்பு?” என்று கேட்டார். பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

என்னால் அன்று இரவு சாப்பிட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்ட பேச்சை முப்பத்தொரு வயதில், பணம் கட்டி வாங்கிய இடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். ஜூலை 3-ஆம் தேதிப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நான் சொல்வது பொய்யென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

சேலம் விஷயத்துக்கு வருகிறேன். குப்பை குறைக்கும் நிறுவனம் ஏன் பிளாஸ்டிக் பூச்சுப் பையில் மாத்திரையை அனுப்புகிறது என்று சித்திரையிலேயே கேட்டிருந்தேன். அப்போது பேசிய பெண், மரியாதையாகத்தான் பேசினார், ஐந்து ரோடு அருகே உங்கள் சேகரிப்பு மையம் இருப்பதாகவும், காலிக் குப்பிகளைக் கொண்டுபோனால் அங்கேயே நிரப்பித் தருவார்கள் என்றும் சொன்னார். வைகாசி மாதம், முகூர்த்தம் மேல் முகூர்த்தம். நான் தையல்காரி. மூன்று கல்யாண வீட்டு ரவிக்கைகளை அரைகுறையாகப் போட்டுவிட்டு, குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று நின்றுவிட்டதில் முக்கால் மணி நேரம் வெயிலில் காத்துக் கிடந்தோம். போய்ப் பார்த்தால் நீங்கள் கொடுத்த கதவு எண்ணில் கைபேசி பழுதுபார்க்கும் கடை! உங்கள் மையம் போன வருடமே காலி செய்துவிட்டுப் போய்விட்டதாம். கடைக்காரர் பாவம், குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். “உங்களைப் போல வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள் அம்மா” என்றார். அப்படியானால் உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. இந்த நிமிடம் வரை உங்கள் இணையதளத்தில் அதே முகவரிதான் இருக்கிறது.

பட்டு நூல் என்று நீங்கள் அனுப்பியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் பிறந்தவள். அப்பாவோடு தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குச் சாக்கு தூக்கிப் போனவள். உங்கள் பல் இடுக்கு நூலைக் கையில் தொட்டவுடனேயே சந்தேகம் வந்தது. தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினேன். பட்டு என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், நசுக்கினால் சாம்பலாக உதிரும். உங்கள் நூல் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாக இறுகிக்கொண்டது. நகத்தால் கீறினாலும் உடையவில்லை. பிரஷ் நாரும் அதே மாதிரி உருகியது. சித்திரை முதல் வாரம் ஒரு பிரஷை எருக்குழியில் புதைத்தேன். தொண்ணூறு நாளில் முழுவதும் மக்கிவிடும் என்பது உங்கள் வாக்கு. நேற்று தோண்டி எடுத்தேன். நூறு நாள் தாண்டிவிட்டது. மூங்கில் கறுத்துப் பிளந்திருக்கிறது. நார்கள் மட்டும் கடையிலிருந்து வந்த அன்று போல வெள்ளையாக, வரிசை குலையாமல் நிற்கின்றன. நைலான் என்று நேர்மையாக எழுதியிருந்தால் நாரைப் பிடுங்கி எடுத்துவிட்டு மூங்கிலை மட்டும் புதைத்திருப்பேன்.

உங்கள் ஊழியர்மீது தனிப்பட்ட கோபம் எனக்கு இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. “உங்கள் ஊரில் எல்லோருக்கும் பல் அப்படித்தானே” என்ற வார்த்தை தையல் மிஷினில் உட்காரும்போதெல்லாம் காதில் கேட்கிறது. அவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு மட்டுமல்ல, எங்கள் ஊர்ப் பெயருக்கும் சேர்த்து.

தொகுப்பும் பைகளும் சேர்ந்து 2,579 ரூபாய். அதோடு பஸ் செலவு, ஒரு நாள் வேலை, ரவிக்கை தாமதமானதால் கைவிட்டுப் போன மூன்று வீட்டு வாடிக்கை, மன உளைச்சல், நாளை என் மகளின் பல்லில் கறை விழுந்தால் ஆகும் வைத்தியச் செலவு. எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இதைப் பணத்தால் ஈடுகட்டவே முடியாது என்பது வேறு விஷயம்.

நான் கேட்பது இவைதான். பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அந்த மாத்திரையில் எத்தனை பிபிஎம் ஃபுளோரைடு இருக்கிறது என்பதைப் பல் மருத்துவரிடம் காட்ட எனக்கு எழுத்தில் தர வேண்டும். அந்தப் பச்சை வட்டத்தைப் பையிலிருந்து எடுக்க வேண்டும். அதே பையை வாங்கிய மற்ற வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். என்னைப் போல ஓரத்தைப் பிரித்துப் படிக்காத தாய்மார்கள் எத்தனை பேர் இருப்பார்களோ?

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டியது உங்கள் கடமை. சுற்றுச்சூழலின் பெயரால் பொய்யான பெருமை பேசுவதைத் தடுக்க 2024-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நான் வழக்கு வம்புக்குப் போகிற ஆள் இல்லை. நல்லபடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் பதினைந்து நாளுக்குள் முறையான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. இந்த முறை பஸ் ஏறி வர வேண்டியவர்கள் நீங்கள்.

இரண்டு பைகளையும், தோண்டி எடுத்த பிரஷையும், கருகிய நூலையும் தனித்தனியாகக் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். படங்களை இணைத்துள்ளேன். காலிக் குப்பிகள் இரண்டையும் கழுவி, காயவைத்து, சேலத்துக்குக் கொண்டுபோன அதே மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். அவற்றை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று, உண்மையிலேயே கதவு திறந்திருக்கும் ஒரு முகவரியை எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பென்னாகரம் வட்டம்.
28.07.2025