எல்லை வரை போன மூவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

1971 போரில் சுகோய்-7 விமானம் சுடப்பட்டு பாகிஸ்தானிடம் சிக்கிய இந்திய விமானப்படை விமானி திலீப் பருல்கரைப் பற்றி நம் பத்திரிகைகள் இன்னும் விரிவாக எழுத வேண்டும். 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி போர்க்கைதிகள் முகாமின் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, சக கைதிகளான கிரேவால், ஹரிஷ் சிங்ஜி இருவரோடும் வெளியேறி, பஸ் பிடித்து பெஷாவர், அப்புறம் கைபர் கணவாயில் லண்டி கோட்டல் வரை போய்விட்டார். ஆப்கன் எல்லைக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். அங்கே லண்டி கானாவுக்குப் போக வண்டி கேட்டதுதான் வினையாகிவிட்டது. லண்டி கானா ரயில் நிலையம் 1932-லேயே மூடப்பட்டிருந்தது! சந்தேகப்பட்டுப் பிடித்துவிட்டார்கள். படிக்கும்போதே மனசு பதறுகிறது. டிசம்பரில்தான் விடுதலை கிடைத்தது.

இதைச் சிறுவர் பகுதியில் தொடராகப் போடுங்கள், என் பேரனுக்கு வாசித்துக் காட்டுவேன்.