சட்டசபையில் நடந்ததைத் தொகுதிக்கு வந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலை ஏழு மணிக்கே ஆள் வந்துவிடும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கார்டு என்று வருவார்கள். கலெக்டருக்கு எழுதிய மனுவில் ஒரு நகலை எம்.எல்.ஏ.வுக்கும் போடச் சொல்லுவார்கள். எம்.எல்.ஏ. சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை. அவர் சட்டம் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் என்ற பேச்சு மட்டும் என் மேசையில் இதுவரை வந்ததில்லை.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைத் தினமும் ஒரு வரி விடாமல் படிப்பேன். பூமி பூஜை, நிழற்குடை திறப்பு, உயர்கோபுர மின்விளக்கு, காதணி விழா என்று எம்.எல்.ஏ.க்களின் படம் வந்தபடி இருக்கிறது. இதை நான் குறை சொல்ல வரவில்லை. தானே புயலின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் இங்கே இருந்தவர்களுக்கு, வாசலில் வந்து நின்று கேட்ட மனிதரின் முகம் மறக்காது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாயில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை வந்தால் அது நல்ல காரியம்தான். ஆனால் அதே எம்.எல்.ஏ. சென்னையில் ஒரு சட்ட முன்வடிவுக்கு, அதாவது மசோதாவுக்கு, கை தூக்கினாரா, பேசினாரா, வெளிநடப்பு செய்தாரா என்று உங்கள் மாவட்டப் பக்கத்தில் நான் படித்த நினைவில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் குறைதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். மகளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் இழுத்தடிக்கிறார்கள் என்று மனு எழுத வேண்டும். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னதும் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா, மடக்க முடியல" என்றார். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருந்தது. ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பது மணி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டுமாம்.

"உங்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதம்மா" என்றேன்.

அவர் நம்பவில்லை. "கவர்மெண்ட் ஆபீசுக்கா ஐயா?" என்று கேட்டார்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் வந்த சட்டம் அது. 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நின்றபடியே இருக்கிற நிலை கூடாது. இதுதான் அதன் சாரம். கேரளத்தில் 2018-லேயே வந்தது, அடுத்து நம்மிடம். அந்த முன்வடிவைப் பேரவையில் கொண்டுவந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன். அவர் திட்டக்குடி தொகுதியில் ஜெயித்தவர், அதாவது நம் கடலூர் மாவட்டத்துக்காரர். நம் மாவட்டத்தின் ஒரு உறுப்பினர் கையால் போன சட்டம், நம் மாவட்டத்துக் கடைவீதியில் நிற்கிற ஒரு பெண்ணின் காதுக்கு இத்தனை வருடத்தில் வந்து சேரவில்லை.

அந்தப் பெண் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

இன்னொன்று, நிலம் பற்றியது. விளைநிலத்தில் எண்ணெய், எரிவாயு மாதிரியான திட்டங்கள் புதிதாக வராமல் தடுக்கிற ‘பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்’ என்ற சொல்லை இங்கே எல்லா விவசாயிகளும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேள்விப்பட்டதோடு சரி. 2020 பிப்ரவரி 20-ஆம் தேதி அந்தச் சட்டத்தை அறிமுகப்படுத்திய அன்றே நிறைவேற்றினார்கள். உறுப்பினர்கள் சிலர் கொண்ட தேர்வுக் குழுவுக்கு அனுப்பி ஆராயுங்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது, நடக்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று ஐந்து வட்டாரங்கள்தான் அதற்குள் வருகின்றன. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயிகள் என்னிடம் வந்து, "எங்க நிலமும் மண்டலத்துலதானே இருக்கு, அதைச் சொல்லி மனு எழுதுங்க" என்பார்கள். இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும். உள்ளே வருகிற ஐந்து வட்டாரத்துக்காரர்களுக்கும், சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிய வேலைகளை அது தொடாது என்பது தெரியாது. ஒரு மனு எழுத்தன் வாயால் இதையெல்லாம் தெரிந்துகொள்ளும் நிலையில் மக்களை வைத்திருக்கலாமா?

பேரவையில் பேசுவதால் என்ன பலன் என்று கேட்கிறவர்களும் உண்டு. 2023 ஏப்ரலில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுவேன். நம் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே நிலக்கரி எடுக்க ஏலம் என்று செய்தி வந்தது. தஞ்சை, அரியலூர்ப் பக்கமும் இரண்டு இடம். அவையில் எல்லாக் கட்சியினரும் கவன ஈர்ப்பாக எழுப்பினார்கள். சில நாட்களில் அந்த மூன்று இடங்களையும் ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஊரில் போராட்டமும் இருந்தது, அவையில் குரலும் இருந்தது, இரண்டும் சேர்ந்துதான் நிலம் தப்பியது.

அதே மாதம் வேறொன்றும் நடந்தது. தொழிற்சாலைகள் திருத்த முன்வடிவு, பேச்சு வழக்கில் பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டம். ஏப்ரல் 12-ல் அவையில் அறிமுகம், 21-ஆம் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பையன்கள் சிலர் இதைப் பற்றி எழுதிக் கேட்க என்னிடம் வந்தது நிறைவேறிய பிறகுதான். நடுவில் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டிலோ ஈச்சங்காட்டிலோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, "இப்படி ஒரு முன்வடிவு வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டிருந்தால், நிறைவேற்றிவிட்டுத் திரும்பப் பெறும் நிலையே வந்திருக்காது.

குரல் வாக்கெடுப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாக்காளருக்கு இது மிக முக்கியம். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் சொல்லுவார், குரல் எழும், முடிந்தது. எண்ணிக் கணிக்க வேண்டும் என்று யாரும் கேட்காதவரை எந்த உறுப்பினர் என்ன சொன்னார் என்பது பெயர் பெயராகப் பதிவாகாது. 234 பேரில் நம் மாவட்டத்து ஒன்பது பேர் என்ன சொன்னார்கள் என்பதை அவர்களே வந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் சட்ட முன்வடிவு விவாதத்துக்கு வருவது கேள்வி நேரத்துக்குப் பிறகு.

இதற்குப் புதிய மேடை எதுவும் போட வேண்டாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சியான கடலூரில் வார்டுக் குழுவும் பகுதி சபாவும் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதியில் நாலு ஊரைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் பேசினால் போதும். என்ன சட்டம் வந்தது, நம் ஊருக்கு அதில் என்ன இருக்கிறது, நான் என்ன நிலை எடுத்தேன், ஏன் எடுத்தேன். அப்புறம் மக்கள் கேட்கட்டும். அறிமுகமான முன்வடிவின் தமிழ்ப் பிரதி ஒன்றை மாவட்ட மைய நூலகத்திலும் ஒன்றிய அலுவலக அறிவிப்புப் பலகையிலும் வைக்கச் சொல்லலாம். பேரவையின் மனுக்கள் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். அமைச்சராக இல்லாத உறுப்பினரும் தனி முன்வடிவு கொண்டுவர விதியில் இடமிருக்கிறது. அது கடைசி வரை போகாவிட்டாலும், கடலூர்க் கடற்கரைக்கோ சிப்காட் காற்றுக்கோ என்ன வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயம்.

இது நடக்காத காரியம் என்று நான் நினைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை எழுதித் தாருங்கள் என்று முதலமைச்சர் 234 பேருக்கும் கடிதம் போட்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் பட்டியல் கேட்டார்கள். கோரிக்கைக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடியும் என்றால் சட்டத்துக்கும் முடியும். இந்த ஊரில்தான் அஞ்சலை அம்மாள் பிறந்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1937-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனவர். ஊரோடும் இருந்தார், சபையிலும் இருந்தார்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். நம் ஒன்பது உறுப்பினர்களில் யார் என்ன கேள்வி கேட்டார், எந்த முன்வடிவில் பேசினார், அவ்வளவுதான். நிழற்குடைப் படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள், இடம் இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு துண்டுத் தாளில் சட்டத்தின் பெயரையும் 22-ஏ என்பதையும் எழுதிக் கொடுத்தேன். தொழிலாளர் துறைக்கு மனு எழுதட்டுமா என்றும் கேட்டேன். "வேலை போயிடும் ஐயா, இப்ப வேண்டாம்" என்றார். தாளை நாலாக மடித்து, மகளின் சான்றிதழ் நகல்களோடு பையில் வைத்துக்கொண்டார். எம்.எல்.ஏ. ஒருவர் கடைவீதிக் கூட்டத்தில் மைக் பிடித்து அந்தப் பிரிவைச் சத்தமாகப் படித்தால், அவர் தனியாக மனு எழுத வேண்டியிருக்காது. அடுத்த கூட்டத்தொடர் முடிந்ததும் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இதையே மனுவாக எழுதி நேரில் கொடுக்கப் போகிறேன். பதில் வந்தால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மனு எழுத்தர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.