கிளைசின் ஏன் தித்திக்கிறது

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் கேட்டாயே, "கிளைசின் பவுடர் தித்திக்குதும்மா, சர்க்கரை கலந்திருப்பானோ?" என்று. அதற்குள் லைன் போய்விட்டது. பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, அதான் எழுதுகிறேன்.

கலப்படமாக இருக்கவேண்டியதில்லை. கிளைசின் என்பது புரதங்களைக் கட்டுகிற அமினோ அமிலங்களில் ஒன்று, அதன் ருசியே இனிப்பு. 1820-ல் பிரான்சில் பிராக்கனோ என்பவர் ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து இதை எடுத்தபோது, அவரும் உன்னைப் போலச் சர்க்கரை என்றுதான் நினைத்தார். பெயரே கிரேக்க மொழியில் இனிப்பு என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஜெலட்டின் உனக்குத் தெரியாததா? சைதாப்பேட்டையில் அப்பா வாங்கிவரும் ஆட்டுக்காலில் சூப் வைத்து, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் கிண்ணத்தைச் சாய்த்தாலும் வழியாமல் தளதளவென்று ஆடிக்கொண்டு நிற்குமே, அதுதான். எலும்பிலும் தோலிலும் தசைநாரிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் வெந்து கரைந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின்.

அந்த மூன்றில் ஒன்றுக்குக் காரணம் தெரிந்தது நம்ம ஊரில்! 1954-55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மூன்று இழைகள் கயிறு திரித்ததுபோலச் சேர்ந்தது என்று சொன்னார்கள். இழைகள் நெருங்குகிற நடுவில் இடமே கிடையாது, அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்தான் உட்காரமுடியும், ஏனென்றால் அதன் பக்கத் தொகுதி, அதாவது அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் மாறுகிற பகுதி, வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. அங்கே கொஞ்சம் பெரிய அமினோ அமிலம் ஒன்று மாறி உட்கார்ந்துவிட்டால், லேசாக விழுந்தாலே எலும்பு முறிகிற பிறவி நோய் வரலாம். வகுப்பில் இத்தனை வருஷமும் "மிக எளிய அமினோ அமிலம்" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், தண்டுவடத்தில் நரம்புகளுக்கு "போதும், அடங்கு" என்று சொல்வதும் இதுதான். எட்டிக்கொட்டையின் விஷமான ஸ்ட்ரிக்னின் அந்தக் கிளைசினை வேலை செய்யவிடாமல் மறித்துவிடும், உடனே தசைகள் இழுத்து, முதுகு வில்லாக வளையும். ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீமை உடம்பு கட்ட ஆரம்பிப்பதும் கிளைசினிலிருந்துதான்.

இதெல்லாம் இருக்கட்டும். உடம்பே கிளைசினைத் தயாரித்துக்கொள்ளும், கண்ணா. தூக்கம் வரவில்லை என்று நீயாகப் பவுடரை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே, முதலில் டாக்டரைப் பார். டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு, வேறென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அம்மா