கடலை ஓட்டுக் கரியும் பாலாற்று உப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேர்க்கடலை ஓடு, கொட்டாங்கச்சி, கரும்புச் சக்கை போன்றவற்றிலிருந்து செய்யும் கிளர்வூட்டிய கரியைக் கொண்டு தோல் ஆலைக் கழிவுநீரைச் சுத்தமாக்கிப் பாலாற்றை மீட்டுவிடலாம் என்ற பேச்சு நம் மாவட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கரியின் ஆற்றலில் எனக்கு ஐயமில்லை. அதை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்பதில்தான் தெளிவு வேண்டியிருக்கிறது.

காற்று புகாமல் சுட்ட கரியை 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் வாட்டும்போதோ, கடலை ஓட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து அதைவிடக் குறைந்த வெப்பத்தில் சுடும்போதோ, அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் திறக்கின்றன. நல்ல கரி ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரை எட்டும். மனைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ நாலரை கிரவுண்டு. சாயம், பீனால், பதனிடும் மரப்பட்டையிலிருந்து வரும் டானின், துர்நாற்றம் தரும் கரிமச் சேர்மங்கள் ஆகியவை இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பரப்புக் கவர்தல் என்று பள்ளியில் படிப்பது இதைத்தான்.

ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பகுதிகளில் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு உண்டு. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவும் உப்பு, ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து கழிவுநீரோடு வெளியேறுகிறது. சோடியம் அயனியையும் குளோரைடு அயனியையும் கரி ஏறக்குறைய தொடுவதே இல்லை. கரிப்படுகையைக் கடந்து கண்ணாடிபோல் தெளிந்து வரும் நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பு முதலான மொத்தத் திடப்பொருள்) அளவு உள்ளே போனபோது இருந்த அளவிலேயே நிற்கும். அதைப் பாய்ச்சினால் தென்னை பட்டுத்தான் போகும்.

குரோமியத்தின் கதை வேறு. தோல் பதனிட உதவுவது மூவிணைதிற குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு குறைந்த வடிவம். காரத்தன்மையை உயர்த்தினால் அது வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும். அதை மீட்டு மறுபடியும் பயன்படுத்த முடியும் என்பதால் அங்கே கரிக்கு வேலையில்லை. இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலைக் கழிவுக் குவியலிலிருந்து கசிவது நச்சு மிகுந்த ஆறிணைதிற குரோமியம். இதைக் கரி நன்றாகவே பிடிக்கிறது, நீர் அமிலத்தன்மையோடு இருந்தால். நிலத்தடி நீரோ பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

கல்லூரி ஆய்வகங்களில் வாலைவடிநீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைத்து, குடுவையில் கரியைப் போட்டுக் குலுக்கி, 95 விழுக்காடு நீங்கியது என்று எழுதிவிடுகிறோம். நானும் மாணவர்களை அப்படிச் செய்ய வைத்தவன்தான். பாடத்துக்கு அது போதும். மெய்யான கழிவுநீரில் கொழுப்பு, புரதம், டானின், சாயம் எல்லாம் ஒரே துளைக்குப் போட்டியிடுவதால் அந்தக் கணக்கு அங்கே செல்லாது. மேலும், கடலை ஓட்டுக் கரி கொட்டாங்கச்சிக் கரியைப்போல் கடினமானதன்று. படுகையில் நொறுங்கித் தூளாகும். தூளை மீண்டும் சூடேற்றிப் புதுப்பிப்பது கடினம். அப்படியானால் நச்சைச் சுமந்த அந்தத் தூள் எங்கே போய்ச் சேரும்? அமில முறையில் கரி செய்தால் அதைக் கழுவிய நீரையும் யாரோ சுத்திகரித்தாக வேண்டும். கழிவு என்று நாம் சொல்லும் கடலை ஓடும் இலவசமன்று; எரிபொருளாக அது விலைபோகிறது.

கரிக்குரிய இடம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடுபரவலுக்கு (ஆர்.ஓ.) முந்தைய கட்டம். நுண்ணுயிர்களால் சிதையாமல் எஞ்சும் கரிமப் பொருள்களை அங்கே அது பிடித்துக்கொண்டால், உப்பைப் பிரிக்கும் சவ்வு விரைவில் அடைபடாது. பட்டை கொண்டு பதனிடும் ஆலைகளில் எஞ்சும் பட்டைச் சக்கையையே இதற்கு மூலப்பொருளாக்கிப் பார்க்கலாம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உறுதிசெய்தது. 2025 ஜனவரியில் பாலாறு குறித்து மீண்டும் கண்டிப்பான ஆணைகளைப் பிறப்பித்தது. எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சுத்திகரிப்பு நிலையங்களின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் மெய்யான கழிவுநீர் மாதிரிகளை நம் பகுதிக் கல்லூரிகளுக்கு வழங்க வேண்டும். கரி பயன்படுத்த அனுமதி கேட்கும் எந்த ஆலையும் பயன்படுத்தித் தீர்ந்த கரியின் எடை, அதிலுள்ள குரோமிய அளவு, அது சென்றடையும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் எனவும் நிபந்தனை விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.