முதலில் தனிக் குசினி, பிறகு சொந்த வீடு

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முறுக்குகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லச் சொல்ல நீ "சரி அப்பா, சரி அப்பா" என்பாய், நடுவில் சின்னவள் அழத் தொடங்குவாள், கதை பாதியில் நின்றுவிடும். எழுதினால் மருமகனும் ஆறுதலாக வாசிப்பார்.

கனடாவுக்குப் புதிதாக வந்த நீங்கள் ஒட்டாவாவில் எங்கே குடியிருப்பது என்று நீ சொன்ன இரண்டு யோசனைகளையும் யோசித்துப் பார்த்தேன். ஒன்று, மருமகனின் ஒன்றுவிட்ட அண்ணர் தன் வீட்டின் கீழ்ப்பகுதியை, பேஸ்மென்டை, வாடகைக்குத் தருகிறாராம். குசினி மட்டும் பொது, வாடகையைக் கையில் காசாகக் கொடுத்தால் போதும், எழுத்து ஒன்றும் தேவையில்லை. மற்றது, அவர் கூட்டிவந்த வீட்டு ஏஜென்ட், வாடகைக்குக் கொட்டுகிற காசை மோர்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, கட்டலாமே, விலை இறங்கிக் கிடக்கிற நேரத்தில் வாங்கிவிடுங்கள் என்கிறார். இரண்டுக்கும் என் பதில், இப்போது வேண்டாம். இரண்டு வருடமாவது உங்கள் பெயரில் எழுத்தோடு ஒரு வாடகை வீட்டில் இருங்கள். சொந்த வீட்டை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

குசினி விஷயத்தைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகைக்கு இருக்கிறவரைக் காப்பாற்றுவது 2006ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். வீட்டுக்காரரோ அவருடைய மனைவி, பிள்ளை, பெற்றோரோ அதே கட்டடத்தில் குடியிருந்து, அவர்களோடு குசினியையோ குளியலறையையோ நீ பங்கிட்டாக வேண்டும் என்றால், அந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது. நாளைக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் வந்து "வேறு இடம் பாருங்கோ" என்றால், வாடகை வழக்குகளை விசாரிக்கிற சபையிடம் நீ போய் நிற்க முடியாது. அண்ணர் நல்ல மனிதர், எனக்குத் தெரியும். ஆனால் ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைத்தால், மீன் பொரித்த மணத்துக்கும் கழுவாத சட்டிக்கும் மனம் முறியும். சொந்தக்காரரோடு உறவு நிலைக்க வேண்டும் என்றால் அவர் வீட்டில் வாடகைக்கு இருக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்கள் எல்லாரும் அப்படித்தானே இருந்தம்" என்கிறா.

அவ சொல்வதும் பொய்யில்லை. உன் அண்ணா 1991இல் வந்தபோது எங்கள் பெடியன்கள் பலர் ரொறன்ரோ நகர நடுவில் சென் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்களில்தான் இருந்தார்கள். ஓர் அறை வீட்டில் முறைவைத்துப் படுப்பார்கள்; இரவு வேலைக்குப் போனவன் வந்து, காலையில் எழும்பினவனின் பாயில் படுப்பான். அது தனிப் பெடியன்கள் ஊருக்குக் காசு அனுப்பிய காலம். உனக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று, மழலை ஒன்று. பெரியவனைப் பள்ளியில் சேர்க்கும்போதே முகவரிக்குச் சான்று கேட்பார்கள். எழுத்தில்லாத வாடகைக்கு நீ எதைக் காட்டுவாய்?

சரி, நல்ல வாடகை வீடு என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். 2018 ஏப்ரல் 30 முதல் இந்த மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு அரசாங்கம் வகுத்த ஒரே மாதிரிப் படிவத்தில்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும். வேறு தாளை நீட்டினால் "அந்தப் படிவத்தில் தாருங்கள்" என்று கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முற்பணமாக அவர்கள் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகை மட்டும். அதுவும் கடைசி மாத வாடகைக்கே கழிய வேண்டும், அதற்கு வருடா வருடம் உனக்கு வட்டியும் தர வேண்டும். சேதத்துக்கென்று தனியாக ஒரு வைப்புப் பணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. "நீங்கள் புது ஆக்கள், கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய கிரெடிட் வரலாறு இல்லை, ஆறு மாதத்தை முன்கூட்டியே கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசு. இங்கே குடியிருந்த வரலாறோ கிரெடிட் வரலாறோ இல்லாததை மட்டும் காரணமாக வைத்து உங்களைத் தள்ளக்கூடாது என்பதுதான் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடும். நடைமுறையில் தள்ளுவார்கள், அது வேறு கதை. அதனால் மருமகனின் வேலைக் கடிதம், கொழும்பு வங்கிக் கணக்கின் விவரம், வெள்ளவத்தை வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுபோங்கள். பிணைக்கு ஆள் கேட்டால் அண்ணா கையெழுத்து வைப்பான், கேட்டுவிட்டேன்.

பேஸ்மென்ட் பார்க்கப் போனால் யன்னலைப் பார். நெருப்புப் பிடித்தால் ஆள் வெளியே வரக்கூடிய வழி இருக்கிறதா, புகை மணியும் கார்பன் மொனொக்சைட் மணியும் வேலை செய்கின்றனவா, சுவரின் அடியில் ஈரக் கறை இருக்கிறதா என்று பார். ஈரத்தை மறைக்கப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், மூக்கை நம்பு. அப்புறம் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கருவி எங்கே இருக்கிறது என்று கேள். நானும் அம்மாவும் வந்த காலத்தில் அண்ணா குடும்பம் ஒரு பேஸ்மென்டில் இருந்தது. அந்தக் கருவி மேலே வீட்டுக்காரரின் ஹோலில். அவருக்கு வேர்த்தால் குறைத்துவிடுவார், கீழே நாங்கள் ஜக்கெட்டோடு படுப்போம். அம்மா போர்வைக்குள் இருந்து தேவாரம் பாடியது அந்தக் குளிருக்குத்தான், பக்திக்கு இல்லை. குளிர்காலத்தில் குறைந்தது 20 பாகை, ரொறன்ரோவில் 21 பாகை, சூடு தருவது வீட்டுக்காரரின் கடமை என்பதை அண்ணா பிறகுதான் அறிந்தான். சொன்னதும் மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிவிட்டார்.

இன்னொன்று, வீட்டின் வயது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீட்டுக்கு வாடகை உயர்வில் உச்சவரம்பு இல்லை. புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட்கள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். எந்த வீடென்றாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம், 90 நாள் முன்பே எழுத்தில் தர வேண்டும். அந்தத் திகதிக்கு முந்திய வீடென்றால் வரம்பும் உண்டு, 2025இல் 2.5 சதவீதம், 2026இல் 2.1. பளபளவென்ற புதுக் கண்டோ மாடி வீட்டைக் காட்டினால் மயங்காதே. இரண்டாம் வருடம் முந்நூறு டொலர் கூட்டினாலும் உன்னால் தடுக்க முடியாது. எனக்கென்றால் பழைய மாடிக் கட்டடத்தில், கரப்பான் இல்லாத ஒரு வீடு போதும்.

வீட்டை நேரில் பார்க்காமல், கையெழுத்து வைக்காமல், யாருக்கும் இன்டராக் வங்கிப் பரிமாற்றத்தில் காசு அனுப்பாதே. "நான் வெளிநாட்டில் நிற்கிறேன், திறப்பைத் தபாலில் அனுப்புகிறேன்" என்கிறவன் கள்ளன்.

இனி வாங்கும் கதை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த புத்தி, ஏஜென்ட் சொன்ன எண்ணைக் கேட்டவுடனேயே பென்சிலை எடுத்துவிட்டது. ஆறு இலட்சம் டொலர் வீடு என்றாய். குறைந்தபட்ச முற்பணம் முதல் ஐந்து இலட்சத்துக்கு 5 சதவீதம், மிச்சத்துக்கு 10 சதவீதம். 25,000மும் 10,000மும், ஆக 35,000. அதை மட்டும்தான் அவர் சொன்னார். 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டால் கடனுக்குக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 5,65,000 கடனுக்கு 4 சதவீதம், 22,600 டொலர். அது கடனோடு சேர்ந்து வருடக்கணக்கில் வட்டி தின்னும். அந்தக் காப்புறுதிக்கு மாகாணம் போடுகிற 8 சதவீத வரி 1,808ஐ வீடு கைமாறும்போது கையிலிருந்து கட்ட வேண்டும். காணி கைமாற்று வரி 8,475. நீங்கள் இருக்கிற ஒட்டாவாவில் இந்த ஒரு வரியோடு போய்விடும், ரொறன்ரோ நகரத்துக்குள் என்றால் நகரசபை தன் பங்குக்கு இன்னொரு 8,475 கேட்கும். சட்டத்தரணி, வீட்டைப் பரிசோதிக்கிறவர், குடிபோகிற செலவு எல்லாம் இதற்கு மேல்.

அந்த வரியில் முதல் வீடு வாங்குகிறவருக்கு 4,000 டொலர் வரை மாகாணம் கழித்துத் தரும் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். அது உங்களுக்குக் கிடைக்காது. உலகத்தில் எங்கேயும் ஒரு வீடும் சொந்தமாக இருந்திருக்கக் கூடாது என்பது விதி. உன் கலியாணத்துக்குச் சாவகச்சேரி வீட்டை நொத்தாரிசு முன்னால் உன் பெயருக்குச் சீதனமாக எழுதினோமே, அது ஒரு வீடு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி அது உன்னுடைய சொத்து, மருமகனுக்கு அதில் பங்கில்லை என்றாலும், துணையாக இருக்கும் காலத்தில் மனைவிக்கு வீடு இருந்தால் கணவருக்கும் அந்தக் கழிவு இல்லை. அதற்காக வீட்டை விற்கலாமா என்று யோசிக்காதே. விற்றாலும் இருந்தது இருந்ததுதான். தெரியாதது போலப் படிவத்தில் "இல்லை" என்று போட யாராவது சொன்னால் அந்த ஆளிடம் மறுபடி போகாதே. இன்னொன்று, அந்த வீட்டு வாடகையாக மாமா உன் கணக்கில் போடுகிற காசையும் இங்கே வருமான வரியில் காட்ட வேண்டும்.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு, எஃப்.எச்.எஸ்.ஏ. என்பார்கள், அதன் விதி வேறு மாதிரி. இந்த வருடமும் முந்திய நான்கு வருடங்களிலும் தங்களுக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் குடியிருந்திருக்கக் கூடாது என்பதுதான் அங்கே கேள்வி. நீங்கள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து வெள்ளவத்தையில் வாடகைக்கே இருந்தவர்கள், சாவகச்சேரியில் குடியிருக்கவில்லை. ஆகவே இரண்டு பேரும் தனித்தனியே திறக்கலாம். வருடத்துக்கு 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம். போடுகிற தொகை வருமானத்தில் கழியும், வீட்டுக்காக எடுக்கும்போதும் வரி இல்லை. கணக்கைத் திறந்த வருடத்திலிருந்துதான் அந்த இடம் உண்டாகிறது, அதனால் நூறு டொலரோடாவது இந்த வருடமே திறந்துவிடுங்கள். ஏஜென்ட் இதைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தாயா? இரண்டு வருடம் கழித்து வாங்குகிறவரால் அவருக்கு இன்றைக்கு என்ன வரும்.

வட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பகுதியில் சராசரி விலை 13 இலட்சத்தைத் தாண்டி நின்றது. அண்ணாவின் கூட்டாளி ஒருவர் அந்த மாதம் மாறும் வட்டியில் வாங்கினார். அப்போது மத்திய வங்கியின் வீதம் 0.25. அடுத்த ஆண்டு ஜூலையில் அது 5 ஆகிவிட்டது. மனுசன் பகல் வேலைக்கு மேல் இரவில் டெலிவரி ஓடினார், மனைவி சனி ஞாயிறும் வேலை. வீடு கைவிட்டுப் போகவில்லை, ஆனால் அந்த வீட்டில் அவர்கள் இருந்ததை யாரும் காணவில்லை. வீதம் பிறகு இறங்கியதென்னவோ உண்மைதான். நான் சொல்வது, வேலை நிலைக்கும் முன்னால், ஒரு குளிர்காலத்தின் ஹைட்ரோ என்கிற மின்சார பில், கேஸ் பில் எவ்வளவு என்று காணும் முன்னால், இருபத்தைந்து முப்பது வருடக் கடனுக்குக் கையெழுத்து வைக்காதே என்பது.

முற்பணத்துக்குச் சீட்டுக் கட்டலாமா என்று மருமகன் கேட்டாராம். அண்ணாவின் காலத்தில் வங்கி கண்ணெடுத்தும் பார்க்காத எங்கள் ஆக்கள் பலர் சீட்டுக் காசில்தான் வீடு வாங்கினார்கள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது முற்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி 90 நாள் கணக்கைக் கேட்கும். திடீரென்று விழுந்த பெரிய தொகைக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். தாய் தகப்பன் கொடுத்தால் அது அன்பளிப்பு, திருப்பித் தரத் தேவையில்லை என்று நாங்கள் எழுதிக் கொடுக்கலாம். சீட்டில் எடுத்ததை மாதா மாதம் திருப்பிக் கட்ட வேண்டுமே, அது கடன்தான். சீட்டு நடத்துகிறவர் ஒரு இரவில் காணாமல் போன கதையும் இங்கே நாலு குடும்பத்தில் உண்டு.

எங்கள் ஆக்களின் சாமத்திய வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் முதல் கேள்வி "வீடு வாங்கியாச்சா?" என்பதாகத்தான் இருக்கும். "இல்லை" என்றால் ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு மாதம் மூவாயிரம் டொலர் கட்ட வேண்டியதில்லை. "பார்த்துக்கொண்டிருக்கிறம்" என்று சொல்லிவிட்டு மட்டன் ரோல்ஸை எடு.

ஏஜென்ட் நீட்டிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டீர்களா? அதை நீ சொல்லவே இல்லை. அது அவர் மூலமே வாங்குவோம் என்ற ஒப்பந்தமாக இருந்தால் எத்தனை மாதத்துக்கு என்று பார்க்க வேண்டும். வைக்கவில்லை என்றால் வைக்காதே. வைத்திருந்தால் படம் எடுத்து அனுப்பு, அண்ணாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்த சட்டத்தரணியிடம் வெள்ளிக்கிழமை காட்டுகிறேன்.

நீங்கள் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் பார்த்த இரண்டு அறை வீட்டின் வாடகைப் படிவத்தையும் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்பு. எல்லாப் பக்கமும் வேண்டும், பின்னிணைப்பையும் சேர்த்து. வில்லங்கத்தை அங்கேதான் எழுதிவைப்பார்கள். அண்ணரிடம் மருமகனே நேரில் போய்ச் சொல்லட்டும், "பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட எடுக்கிறோம்" என்று. அது பொய்யும் இல்லை. கோபிக்கமாட்டார்.

அன்புடன்,
அப்பா