ஆட்டோ கடந்துபோகும் இருபத்தெட்டு நொடி

தண்டையார்பேட்டை
புரட்டாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோவை வேலையை முடித்துக்கொண்டு ஐப்பசியில் மாநகராட்சியின் மக்கள் தொடர்புப் பணியில் சேரப்போகிறாய், அதுவும் நம் வட சென்னை மண்டலங்களுக்கு. போனில் பேசினால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். சேரும் முன் ஒரு முறை நிதானமாகப் படித்துவிடு.

கம்பெனியில் நீ எழுதிய அறிக்கை பத்திரிகையில் வந்தால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லைமா. கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா இரவே நாலு குடம் பிடித்து வைத்தாரா, சடையங்குப்பத்தில் ஒருவர் ரேஷன் கார்டையும் பிள்ளையின் சர்டிபிகேட்டையும் பரண்மேல் ஏற்றினாரா என்பதுதான் கணக்கு. எந்த அறிவிப்பை எழுத உட்கார்ந்தாலும் இதைக் கேட்பவர் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று முதலில் ஒரு வரி எழுதிக்கொள். அந்த வரி வரவில்லையென்றால் உனக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை என்று பொருள். பொறியாளரிடம் திரும்பப் போய்க் கேள்.

தண்ணீர் நிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். வருகிற கடிதம் இப்படி இருக்கும்: "பிரதானக் குழாய் இணைப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தம் செய்யப்படுவதாகவும், பொதுமக்கள் போதுமான அளவு குடிநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதில் எந்தத் தெரு என்று இல்லை. எத்தனை மணிக்கு நிற்கும், எப்போது வரும், லாரி எங்கே நிற்கும், எதுவும் இல்லை. 'போதுமான அளவு' என்பது எத்தனை குடம்? 9,000 லிட்டர் லாரி ஒன்று 150 குடும்பத்துக்கு என்றால் வீட்டுக்கு 60 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் நாலு. அதை அப்படியே எழுது: வீட்டுக்கு நாலு குடம், காலை 8 மணி, ரேஷன் கடை முனை. வரிசையில் சண்டை வருவது பெரும்பாலும் தண்ணீர் குறைவதால் மட்டும் இல்லை. கடைசியில் நிற்பவருக்குக் கிடைக்குமா என்று யாரும் சொல்லாததாலும்தான் வருகிறது.

தண்ணீர் குடிநீர் வாரியத்துடையது, மாநகராட்சியுடையது இல்லை. ஆனால் தெருவில் நிற்பவருக்கு எல்லாமே 'கார்ப்பரேஷன்'தான். ஏரியைத் திறப்பது நீர்வளத்துறை, கரண்ட் மின்வாரியம், மழை எச்சரிக்கை நுங்கம்பாக்கம் வானிலை மையம். "இது எங்கள் துறை இல்லை" என்று ஒரு வரி எழுதிவிடாதே. யார் வேலை, எந்த எண்ணில் கேட்க வேண்டும் என்பதைச் சேர்த்து நீயே அனுப்பு. உங்கள் எண் 1913. அதில் புகார் பதிந்தால் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்.

தெருப் பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதே. எந்த வால்வை மூடினால் எந்தச் சந்து காயும் என்பது வால்வு திறக்கும் ஊழியருக்குத்தான் மனப்பாடம். பகுதிப் பொறியாளரிடம் அனுமதி வாங்கி அவரிடம் பத்து நிமிடம் பேசு. பிள்ளையார் கோயில் தெரு, நேரு நகர் என்ற பெயர்கள் வட சென்னையில் திரும்பத் திரும்ப வரும். வார்டு எண் போட்டால் போதும் என்று நினைக்காதே. 2011-ல் நகரம் 200 வார்டாக விரிந்தது. தன் வார்டு எண் என்ன என்று எல்லாருக்கும் தெரியாது. பக்கத்திலுள்ள பள்ளி, மசூதி, மாதா கோயில், டாஸ்மாக் என்று ஒரு அடையாளம் சேர்த்துவிடு.

அதே ஊழியரிடம் இன்னொன்றையும் கேள். காலை 6 மணிக்கு வால்வைத் திறந்தால் கடைசித் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும்? காலிக் குழாய் நிரம்ப வேண்டும். அதற்குள் முதல் தெருக்காரர்கள் மோட்டார் போட்டுவிடுவார்கள். கடைக்கோடியில் காற்றுதான் வரும். '6 மணிக்கு வரும்' என்று பொதுவாகச் சொன்னால் பாதித் தெருவுக்கு அது பொய். அவர்கள் அடுத்த அறிவிப்பை நம்ப மாட்டார்கள். திறக்கும் நேரம், கடைசித் தெருவுக்கு வரும் நேரம் என்று இரண்டையும் போடு. முதல் பத்து நிமிடம் கலங்கலாக வரும், அதைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம் என்பதையும் சேர். கழிவுநீர் கலந்த புகார் உள்ள தெரு என்றால், தண்ணீர் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்கச் சொல்.

இப்போது ஆட்டோ. அலுவலகத்தில் 'ஆட்டோ மூலம் விழிப்புணர்வு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதில்தான் வேலையே இருக்கிறது, பொறுமையாகப் படி. மணிக்கு 10 கிலோமீட்டரில் போகிற ஆட்டோ நொடிக்கு 2.8 மீட்டர் நகரும். ஸ்பீக்கர் சத்தம் வீட்டுக்கு முன்னும் பின்னும் 40 மீட்டர் தெளிவாகக் கேட்கும் என்று வை. மொத்தம் 80 மீட்டர், 28 நொடி. வாசலில் நிற்பவர் காதுக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். டிரைவர் 20-ல் விரட்டினால் 14 நொடி. 'அன்பார்ந்த பொதுமக்களே, பெருநகர சென்னை மாநகராட்சியின் பணிவான வேண்டுகோள்' என்று தொடங்கினால் ஆறு நொடி அதிலேயே போய்விடும். மொத்தச் செய்தி 12 நொடி, அதை இரண்டு முறை கேட்க வேண்டும். அப்படியென்றால் பதினைந்து, இருபது வார்த்தைக்குள்:

"நாளைக்கு புதன்கிழமை தண்ணி வராது. காலை ஆறு மணியிலேர்ந்து மறுநாள் காலை ஆறு வரைக்கும். இன்னைக்கு ராத்திரியே புடிச்சு வச்சிடுங்க."

'தண்ணி வராது' என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். ஆட்டோ தாண்டிப்போன பிறகு எஞ்சியது காதில் விழாவிட்டாலும், என்னவோ சொன்னார்களே என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

குழாய் ஸ்பீக்கர் முன்பக்கம்தான் கத்தும். இரண்டு கட்டு, ஒன்று பின்னோக்கி இருக்கட்டும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம், அது வார்த்தையைத் தின்றுவிடும். வாரியக் குடியிருப்பில் ரோட்டிலிருந்து சொன்னால் மூன்றாம் மாடிக்குக் கேட்காது. பிளாக்குகளுக்கு நடுவே ஆட்டோவை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மூன்று முறை ஓடவிட வேண்டும். காசிமேடு, எண்ணூர் குப்பங்களில் ஆட்டோ நுழையாத சந்துகளுக்குக் கையில் மெகாஃபோனோடு நடந்துதான் போக வேண்டும். மாற்று பேட்டரி இல்லாமல் ஆளை அனுப்பாதே.

நேரம் பார்த்து அனுப்பு. பகல் 11 மணிக்கு ஆட்டோ போவது வண்டிக் கணக்குக்குத்தான் ஆகும். மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே துறைமுகத்தில் இருப்பார்கள். மணலியில் ஷிப்ட் வேலைக்காரர்கள் பலர் பகலில் தூங்குவார்கள். மாலை 6.30 முதல் 8.30 வரை ஒரு சுற்று, மறுநாள் காலை 6-க்கு மேல் ஒரு சுற்று. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. பொது அவசரநிலைக்கு மட்டும் அதே விதியில் விலக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது குப்பத்தில் ஆண்கள் பலர் கரையில் இருப்பார்கள், பொறுமையாக உட்கார்ந்து பேச அதுதான் நேரம். மழைக்காலத் தயாரிப்புக் கூட்டத்தை அப்போதே வைத்துவிடு.

தெலுங்கு, உருது, இந்தி மூன்றிலும் அதே 12 நொடியைப் பதிந்து வைத்துக்கொள். சௌகார்பேட்டைக்கும் மாதவரம் கிடங்குகளில் தங்கி வேலை செய்பவர்களுக்கும் தமிழ் மட்டும் போதாது. மொழிபெயர்ப்பை அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் ஓட விட்டுப் பார். புத்தக மொழியில் இருந்தால் மாற்று.

எஸ்எம்எஸ் அனுப்பும்போது எழுத்துக் கணக்கு முக்கியம். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான், ஆங்கிலத்தைப் போல 160 கிடையாது. அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'தண்ணீர்' கண்ணுக்கு நாலு எழுத்து, மெஷினுக்கு ஏழு. 'குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தம்' என்று எழுதினால் 40 இடம் போய்விடும், எப்போது என்று இன்னும் சொல்லவே இல்லை. 'தண்ணீர் வராது' 13 இடம். 'புதன் காலை 6 முதல் வியாழன் காலை 6 வரை தண்ணீர் வராது', இடைவெளியையும் சேர்த்து 51. மீதி 19-ல் தேதியைப் போட்டுவிடலாம். 70 தாண்டினால் இரண்டு மெசேஜாக உடையும், செலவும் இரண்டு. வாசகத்தின் மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்கியிருந்தால்தான் மொத்தமாக அனுப்ப முடியும். வெள்ளம் வந்த இரவில் அதைப் பதிய நேரம் இருக்காது. தண்ணீர், மின்சாரம், வெளியேற்றம், முகாம், நிலைமை சீரானது என்று ஐந்து மாதிரியையாவது செப்டம்பரிலேயே முடித்திருக்க வேண்டும். போனதும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப்பிலும் சுவரிலும் 'நாளை', 'இன்று' என்று எழுதவே கூடாது. புதன்கிழமை போட்டது வெள்ளிக்கிழமையும் சுற்றும், மக்கள் மறுபடி குடத்தைத் தூக்குவார்கள். கிழமை, தேதி, நேரம் மூன்றும் படத்தின் மேலேயே இருக்கட்டும். சுவர் அறிவிப்பில் 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் 2.5 சென்டிமீட்டர், தெருவுக்கு எதிர்ப்பக்கம் என்றால் இரட்டிப்பு. இன்க்ஜெட் அச்சு தூறலிலேயே கரைந்து ஓடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டு. மழைநாளில் பசை நிற்காது. பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கடைக் கம்பியிலும் அங்கன்வாடி வாசலிலும் சணலால் கட்டிவிடு.

மழைக்கு வருகிறேன். வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதிகனமழை. காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை அவர்களுக்கு ஒரு நாள். இந்த எண்களை நீ தெரிந்து வைத்துக்கொள். ஆனால் தெருவுக்கு அப்படியே அனுப்பாதே. புழல் ஏரி திறப்பும் அப்படித்தான். 'விநாடிக்கு 500 கன அடி உபரிநீர்' என்று குறிப்பு வரும். ஒரு கன அடி 28.3 லிட்டர், 500 என்றால் நொடிக்கு 14,000 லிட்டருக்கு மேல், ஒரு 12,000 லிட்டர் லாரியை நொடிக்கொரு தரம் கவிழ்ப்பது மாதிரி. இப்படிச் சொன்னால் பயம் வரும். பயத்தோடு வழியும் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீர் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூரில் கடல் சேரும். கால்வாய் ஓரத் தெருக்கள் எவை, எந்தப் பள்ளியில் முகாம், எந்த ரோடு வழியாகப் போகலாம், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் வாங்காது, பின்னுக்கு நிற்கும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். மழை நின்ற பிறகும் ஏன் வடியவில்லை என்று கேட்பவரிடம் இதைச் சொல்லி, எத்தனை மணிக்கு வடியத் தொடங்கும் என்று பொறியாளரைக் கேட்டுச் சொல்.

'மறு அறிவிப்பு வரும் வரை' என்று எழுதாதே. "அடுத்த தகவல் இரவு 9 மணிக்கு" என்று எழுது. 9 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்பதையே 9 மணிக்கு அனுப்பு. பிரச்சினை தீர்ந்ததும் தீர்ந்தது என்று ஒரு அறிவிப்பு கட்டாயம். எல்லாரும் மறப்பது இதைத்தான். அது வராததால் மூன்று நாள் கழித்தும் தண்ணீரை இன்னும் காய்ச்ச வேண்டுமா, முகாமிலிருந்து வீட்டுக்குப் போகலாமா என்று தெரியாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள்.

வாயுக் கசிவுக்கென்று தனியாக ஒரு பதிவு இருக்கட்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தபோது தூக்கத்திலிருந்து எழுந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் எஸ்எம்எஸ் யாரையும் எழுப்பாது. கோயில், மசூதி, சர்ச் ஸ்பீக்கருக்குச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் போன் எண் என்ன என்று முன்பே எழுதி வை. அமோனியா தண்ணீரில் கரையும்; அதனால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடச் சொல்ல வேண்டும். காற்று வீசும் திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்காக விலக வேண்டும். எந்தப் பக்கம் என்று தெருப்பெயரோடு சொன்னால்தான் இருட்டில் உதவும்.

பத்திரிகைக்கு அதிகம் சொல்ல வேண்டாம், அது உனக்கே தெரியும். மாலைப் பத்திரிகைக்குப் பகல் 12-க்குள் போய்ச் சேரட்டும். வதந்தி வந்தால் அதையே தலைப்பாக்கி மறுக்காதே, உண்மையை முதல் வரியில் வை. வாய்ஸ் நோட்டில் வந்த வதந்திக்கு வாய்ஸ் நோட்டிலேயே பதில் போக வேண்டும். முகாமில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் போட்டோ எடுக்காதே. மேலே இருந்து கேட்டாலும் எடுக்காதே.

எத்தனை ஆட்டோ, எத்தனை போஸ்டர் என்றுதான் அறிக்கை கேட்பார்கள். கொடு. உனக்காக வேறு ஒரு கணக்கு வைத்துக்கொள். அறிவிப்பு போன மறுநாள் காலை டீக்கடை, தெருக்குழாய், ரேஷன் வரிசை மூன்று இடத்தில் பத்துப் பேரிடம் "தண்ணி எப்போ நிக்குது?" என்று கேட்டுப் பார். ஏழு பேராவது சரியாகச் சொல்லவில்லை என்றால் அன்று மாலை ஆட்டோ மறுபடி போகட்டும். தகவல் எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து வந்தது, எப்போது வெளியே போனது என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்; "எங்களுக்கு யாரும் சொல்லல" என்று தெருவே சொல்லும்போது எங்கே விட்டுப்போனது என்று தேடவும் அந்த நோட்டுதான் வேண்டும்.

அம்மா உன் அறையை ஒழித்து வைத்துவிட்டாள். வரும் முன் அந்த 12 நொடி வாசகத்தை உன் குரலிலேயே பதிந்து அனுப்பு. தெருமுனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மூன்றாம் மாடியில் நின்று என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா